கடைமடைக்குப் போய்ப் பார்ப்பவர்

எனக்கு ஒரு சூப்பர்வைசர் இருக்கிறார் என்று வீட்டில் முதன்முதலாகச் சொன்னபோது அம்மாவின் முகம் வாடிவிட்டது. "சொந்தமாத்தானே தொழில் பண்றே? உனக்கு மேல எதுக்கு ஒரு ஆளு?" என்று கேட்டார். அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். ஒன்றும் சொல்லாமல் கையிலிருந்த பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். முப்பது வருடம் நூற்பாலையில் வேலை பார்த்தவர் அவர். அந்த வீட்டில் சூப்பர்வைசர் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வாசலில் நிற்பவர். கழிவறைக்குப் போனால் மணி பார்ப்பவர். இழை அறுந்தால் யார் தறுதலை என்று தேடி வருபவர். அந்தச் சொல்லை நான் சந்தோஷமாகச் சொன்னது அவர்கள் இருவருக்கும் புதிராக இருந்தது.

என் தொழிலைச் சொல்லிப் புரியவைப்பதே கடினம். நிறுவனங்களில் பொறுப்பான இடங்களில் இருப்பவர்கள் மாதம் இரண்டு முறை என்னோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்கள். அவர்கள் துறையைப் பற்றி எனக்கு அவர்களைவிடக் குறைவாகவே தெரியும். நான் வழி சொல்வதில்லை. கவனமாகக் கேட்பேன். அவர்கள் கடந்து ஓடிவிட்ட ஒரு வாக்கியத்தை எடுத்து மறுபடி அவர்கள் முன்னால் வைப்பேன். தன் முடிவைத் தானே தெளிவாகப் பார்க்க ஒருவருக்கு இடமும் நேரமும் கொடுக்கும் வேலை. இதை கோச்சிங் என்கிறார்கள். நம் ஊரில் கோச்சிங் என்றால் நீட் தேர்வுக்கான வகுப்பு. சூப்பர்வைசர் என்றால் மில், கட்டுமான இடம், தேர்வுக்கூடம். இரண்டு சொல்லுமே வேறு வாழ்க்கைகளிலிருந்து இங்கே வந்து சேர்ந்தவை.

மாதத்தின் கடைசி வியாழக்கிழமை மாலை, ஒன்றரை மணி நேரம், நான் என் சூப்பர்வைசரிடம் காணொளியில் பேசுகிறேன். கோவையில் இருக்கிறார், மேடம் என்றுதான் அழைப்பேன். அறுபதைக் கடந்தவர். மனநல சமூகப்பணியில் நெடுங்காலம் இருந்துவிட்டு இந்தத் துறைக்கு வந்தவர். என்னைப் போன்ற கோச்கள் சிலருடைய வேலையைக் கேட்டு, அதைப் பற்றி அவர்களோடு சேர்ந்து யோசிப்பது அவர் பணி. ஒன்பது வருடங்களாக அவரிடம் போகிறேன். இத்தனை வருடத்தில் அவர் இரண்டு மாதம் ஒரே மாதிரி இருந்ததாக நினைவில்லை. ஒரு மாதம் ஆசிரியர், ஒரு மாதம் கண்டிப்பானவர், ஒரு மாதம் தாய். இப்படி மாறிக்கொண்டே இருக்கும் ஒருவரை நான் எப்படி நம்புகிறேன் என்ற கேள்வி எனக்கே வெகுநாள் இருந்தது.

*

சொற்களிலிருந்து தொடங்குகிறேன். சூப்பர்விஷன் என்பதன் லத்தீன் வேர்கள் மேல், பார்த்தல் என்ற இரண்டு. நாம் மேற்பார்வை என்கிறோம், அப்படியே பொருந்துகிறது. ஆனால் அதைவிடப் பழைய சொல் நம்மிடம் ஒன்று உண்டு: கண்காணி. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்பவர் கண்காணி. திருமூலர் இறைவனுக்கே அந்தப் பெயரைச் சூட்டினார். அதே சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல் தாண்டி இலங்கையின் காபி, தேயிலைத் தோட்டங்களுக்கும் பின்னர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் போனபோது கங்காணி ஆயிற்று.

கங்காணி யார் என்று யோசித்தால் மனம் கனக்கிறது. ஊருக்கு வந்து ஆள் திரட்டுபவர் அவர். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுப்பவர். தோட்டத்தில் வேலை வாங்குபவர். துரைக்கும் கூலிக்கும் நடுவில் மொழியாக இருப்பவர். பல இடங்களில் கடனுக்கு அரிசி கொடுப்பவரும் அவரே. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் அவருக்கு ஒரு காசு கிடைத்தது. இலங்கையில் துண்டு என்றொரு முறை இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய ஒரு சீட்டு. அந்தக் கடனைக் கட்டும் தோட்டத்துக்கு அந்த மனிதர் போய்ச் சேர வேண்டும். 1921-இல்தான் அதை ஒழித்தார்கள்.

இதை இங்கே நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சூப்பர்வைசரின் பாத்திரம் நெகிழ்வானது, சூழலுக்கேற்ப மாறக்கூடியது, மாறவேண்டியது என்று எங்கள் துறையில் எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். நல்ல சொற்களாகத்தான் தெரிகின்றன. ஆனால் கங்காணியைவிட நெகிழ்வான பாத்திரம் எது? உறவினர், காவலர், கடன்காரர், மொழிபெயர்ப்பாளர் என எத்தனை வேடமும் அவரால் போட முடிந்தது. ஒரே ஆளிடம் எல்லாப் பாத்திரங்களும் குவிந்திருந்ததால்தான் தொழிலாளிக்குத் தப்ப வழியில்லாமல் போயிற்று. ஆகவே நெகிழ்வு என்பதை மட்டும் வைத்து எதையும் மெச்சிவிட முடியாது. அது எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்தாக வேண்டும்.

*

இந்தச் சிக்கல் தொழிலின் தொடக்கத்திலேயே இருந்தது. 1920-இல் பெர்லினில் மாக்ஸ் ஐட்டிங்கன் முதலானோர் ஓர் உளப்பகுப்பாய்வு மருத்துவமனையைத் தொடங்கினார்கள். வசதியில்லாதவர்களும் வந்து சிகிச்சை பெறலாம். அங்கே பயிலும் இளம் மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றி ஒரு மூத்தவரிடம் தொடர்ந்து பேசவேண்டும் என்ற ஏற்பாடு உருவானது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'கட்டுப்பாட்டுப் பகுப்பாய்வு'. அங்கே மேற்பார்வையின் பெயரிலேயே கட்டுப்பாடு இருந்தது.

அந்த மூத்தவர் யாராக இருக்கவேண்டும் என்பதில் பெர்லினும் புடாபெஸ்டும் வேறுபட்டன. பயில்பவருக்குச் சிகிச்சை தருபவர் வேறு, அவருடைய வேலையை மேற்பார்ப்பவர் வேறு என்றது பெர்லின். புடாபெஸ்டில் வில்மா கோவாச் போன்றவர்கள், பயில்பவரின் மனதை நன்கு அறிந்தவர் அவருக்குப் பகுப்பாய்வு செய்தவர்தான், ஆகவே முதல் நோயாளியைப் பற்றி அவரிடமே பேசட்டும் என்றார்கள். ஒருவர் நோயாளியிடம் தடுமாறுவதற்கும் அவருடைய சொந்த வாழ்க்கைக்கும் நடுவே சுவர் கிடையாது என்பது அவர்கள் கண்டது. அது உண்மை. அதே சமயம், உன் அந்தரங்கம் முழுதும் தெரிந்த ஒருவரே உன் வேலையையும் எடைபோட்டால் நீ எங்கே போய் ஒளிவாய்? பெர்லினின் அச்சத்திலும் உண்மை இருந்தது.

கோச் என்ற சொல்லும் ஹங்கேரியிலிருந்தே புறப்பட்டது. வியன்னாவுக்கும் புடாவுக்கும் இடைப்பட்ட பாதையில் கோச் என்றொரு கிராமம். அங்கே பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் செய்யப்பட்ட நல்ல குதிரை வண்டிகள் ஊர்ப் பெயரால் ஐரோப்பா எங்கும் அறியப்பட்டன. தமிழிலும் கோச்சு வண்டி வந்தது. 1830-களில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தேர்வு என்ற ஆற்றைத் தங்களைச் சுமந்து கடத்திவிடும் தனி ஆசிரியரை கோச் என்று அழைக்கத் தொடங்கினார்கள். சுமப்பது என்ற அர்த்தம் அந்தச் சொல்லில் இன்னும் தங்கியிருக்கிறது. சுமப்பவரின் தோள் என்ன ஆகும் என்று கேட்க ஒருவர் வேண்டியிருக்கிறது.

சிகிச்சைத் துறையிலும் சமூகப்பணியிலும் பிறகு கோச்சிங்கிலும் மேற்பார்வை வளர்ந்தபோது அதன் வேலைகளைப் பலர் பகுத்துப் பார்த்தார்கள். ஆல்ஃப்ரட் கடூஷின் 1976-இல் சமூகப்பணிக்கு மூன்று சொன்னார்: நிர்வகிப்பது, கற்பிப்பது, தாங்குவது. ஜானின் பெர்னார்ட் 1979-இல், மேற்பார்வையாளர் தேவைக்கேற்ப ஆசிரியராகவும் ஆற்றுப்படுத்துபவராகவும் உடன் யோசிப்பவராகவும் இடம் மாறவேண்டும் என்றார். பிரிட்டனில் பிரிஜிட் பிராக்டர், நெறி காப்பது, வளர்ப்பது, மீட்டெடுப்பது என்று வைத்தார். பீட்டர் ஹாக்கின்ஸ் ஏழு கண்கள் என்றார். வந்தவர்மேல் ஒரு கண், கோச் செய்ததன்மேல் ஒன்று, அவர்களுடைய உறவின்மேல் ஒன்று, கோச்சின்மேல் ஒன்று, இப்போது இந்த அறையில் நடப்பதன்மேல் ஒன்று, மேற்பார்வையாளர் தன்மேலேயே வைக்கும் கண் ஒன்று, இவர்கள் எல்லோரையும் சூழ்ந்திருக்கும் உலகத்தின்மேல் ஒன்று. நான் இவற்றைப் படித்திருக்கிறேன், மதிக்கிறேன். ஆனால் ஒரு வியாழக்கிழமை மாலை எந்தக் கண்ணைத் திறப்பது, எதை மூடுவது என்று இவை சொல்வதில்லை. அதை நான் அறிந்தது நான்கு மாலைகளில்.

*

முதல் மாலை. என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு துறைத் தலைவரைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். அவருக்கு ஏகப்பட்ட பிரச்சினைகள். எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மேடம் கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம். நீங்க ஆரம்பிச்சு இருபது நிமிஷம் ஆச்சு. எனக்கு மூச்சு முட்டுது. இந்த மூச்சுமுட்டல் என்னோடதா, உங்களோடதா, அவரோடதா?"

நான் நிறுத்தினேன். அந்த மனிதர் என் முன்னால் உட்கார்ந்தால் இப்படித்தான் பேசுவார். மூச்சுவிட இடம் தராமல், எண் போட்டு. அவர் முன்னால் நான் உணர்ந்த கையாலாகாத்தனத்தை அப்படியே எடுத்துவந்து இவர் மடியில் கொட்டியிருந்தேன். ஹெரால்ட் சர்ல்ஸ் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1955-இல் இதைப் பற்றி எழுதினார். நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையில் நடப்பது, மருத்துவருக்கும் மேற்பார்வையாளருக்கும் இடையில் தன்னையறியாமல் மறுபடி நடக்கிறது; ஆகவே மேற்பார்வையாளர் தனக்குள் எழும் உணர்ச்சியைத் தள்ளிவிடாமல் ஒரு செய்தியாக வாசிக்கவேண்டும். மேடம் அன்று எனக்குச் சர்ல்ஸைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தன் மூச்சைச் சொன்னார், அவ்வளவுதான். அடுத்த முறை அந்த மனிதர் வந்து பட்டியலைத் தொடங்கியபோது, "நீங்க இதைச் சொல்லும்போது எனக்கு மூச்சு விட நேரம் கிடைக்கலை. உங்களுக்குக் கிடைக்குதா?" என்று கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். எங்கள் உண்மையான உரையாடல் அங்கேதான் தொடங்கியது.

இரண்டாவது மாலை வேறு மாதிரி. ஒரு நிறுவனம் தன் மேலாளர் ஒருவரை என்னிடம் அனுப்பியிருந்தது. கட்டணம் கொடுப்பது நிறுவனம், பேசுவது அவர். மனிதவளத் துறையிலிருந்து ஒருவர் தொலைபேசியில், "எப்படிப் போகுது?" என்று இயல்பாகத்தான் கேட்டார். "நல்லா வந்துக்கிட்டிருக்கார், கொஞ்சம் வீட்டுக் கவலைதான்" என்று நானும் இயல்பாகச் சொல்லிவிட்டேன். வேறு ஏதோ சொல்லும்போது இடையில் இதையும் மேடத்திடம் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"இப்ப நான் வேற குரல்ல பேசப்போறேன். கேட்டுக்கங்க. வீட்டுக் கவலைன்னு அவர் உங்ககிட்ட மட்டும்தான் சொன்னார். அதை எடுத்து நீங்க இன்னொருத்தர் கையில கொடுத்துட்டீங்க."

"மேடம், நான் எதுவும் விவரமா..."

"விவரம் வேணாம். அந்த ரெண்டு வார்த்தை போதும். அடுத்த தடவை அவர் பதவி உயர்வு பத்திப் பேசுற அறையில அந்த ரெண்டு வார்த்தை உட்கார்ந்திருக்கும். நாளைக்கே அவர்கிட்ட சொல்லிடுங்க."

அன்று அவர் என்னைத் தேற்றவில்லை. தேற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அப்போது ஏங்கினேன். 1975-இல் ஃபனிட்டா இங்கிலிஷ் எழுதிய முக்கோண ஒப்பந்தம் என்ற கருத்தை எடுத்து, பணம் தருபவர், வருபவர், கோச் என்ற மூன்று மூலைகளுக்கும் நடுவில் எது போகலாம், எது போகக்கூடாது என்பதை முதல் நாளே மூவரும் சேர்ந்து பேசி வைக்கவேண்டும் என்று பாடமாகவே நடத்தினார். மறுநாள் அந்த மேலாளரிடம் சொன்னேன். "சொன்னதுக்கு நன்றி" என்று மட்டும் சொன்னார். அடுத்த மூன்று அமர்வுகள் அவர் அலுவலக விஷயங்களை மட்டுமே பேசினார். நான்காவதில்தான் பழையபடி பேசினார்.

மூன்றாவது மாலையில் நேரமே இல்லை. வழக்கமான நாளும் அல்ல. ஒருவர் பேச்சுவாக்கில் "இருந்து என்ன பிரயோசனம்" என்றார், தூக்கமில்லை என்றார், வாரக்கணக்காகச் சாப்பாடு இறங்கவில்லை என்றார். நான் அமர்வை முடிக்காமல் இடைவேளை கேட்டுக்கொண்டு வெளியே வந்து மேடத்தை அழைத்தேன். எப்போதும் கேள்வி கேட்பவர் அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "உள்ள போய் நேரடியா கேளுங்க. தற்கொலை எண்ணம் இருக்கான்னு அந்த வார்த்தையையே சொல்லிக் கேளுங்க. கேக்கிறதால அந்த எண்ணம் வந்துடாது. இருக்குன்னா தனியா விடாதீங்க. வீட்டுல யார்கிட்ட பேசலாம்னு அவரையே கேட்டு, அவர் எதிர்லயே பேசுங்க. இன்னைக்கே மனநல மருத்துவரைப் பார்க்கணும். இது கோச்சிங் இல்லை." நான்கைந்து வாக்கியங்கள். ஆணை போல இருந்தன. அவற்றை அப்படியே செய்தேன். அந்த மனிதர் மருத்துவரிடம் போனார். பல மாதங்கள் கழித்து நலமாகத் திரும்பிவந்தார்.

நான்காவது மாலை, அப்பா இறந்து இருபத்தோராம் நாள். வேலைக்குத் திரும்பியிருந்தேன். தன் தந்தையோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒரு மகனின் கதையை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு மேடம் குறிப்பேட்டை மூடிவைத்தார். "இன்னைக்கு இதைப் பேச வேணாம்" என்றார். பிறகு அவர் எதுவும் பேசவில்லை. நான் அழுதேன். திரையின் அந்தப் பக்கத்தில் அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார்: "இந்தத் துக்கத்தைப் பேச உங்களுக்கு ஒரு இடம் வேணும். அது நான் இல்லை. ஆற்றுப்படுத்துற ஒருத்தரைச் சொல்றேன், போய்ப் பாருங்க. இந்த மாசம் ரெண்டு மூணு பேரைத் தள்ளி வைங்க. உங்ககிட்ட வர்றவங்களுக்கு நீங்க முழுசா கிடைக்க மாட்டீங்க. அது அவங்களுக்கும் நியாயமில்லை, உங்களுக்கும் நியாயமில்லை."

*

இந்த நான்கு மாலைகளையும் அம்மாவிடம் ஆள் அடையாளம் இல்லாமல், என் பக்கத்தை மட்டும் ஒரு நாள் சொன்னேன். அம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நம்ம ஊரு நீர்க்கட்டி மாதிரின்னு சொல்லு" என்றார்.

அம்மாவின் ஊர் சிவகங்கைப் பக்கம். கண்மாய்ப் பாசனம். கண்மாய் நீரை வயல்களுக்குப் பங்கிட்டுவிட ஊர் ஒருவரை நியமிக்கும், அவர்தான் நீர்க்கட்டி. மடையைத் திறப்பது, அடைப்பது, வாய்க்காலில் எங்கே திருப்புவது என்று முடிவு செய்வது எல்லாம் அவர். கூலி அறுப்பின்போது நெல்லாக வரும். அந்தப் பகுதிகளில் நீர்க்கட்டிகள் பெரும்பாலும் நிலமில்லாத தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சொந்த வயல் இல்லாதவர் யார் வயலுக்கும் சாய மாட்டார் என்பது ஊரின் கணக்கு. நீர் விஷயத்தில் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்ட அதே ஊர் மற்ற விஷயங்களில் அவரைச் சரிசமமாக நடத்தவில்லை. அம்மாவின் தலைமுறைக்கு அது தெரியும். அதையும் சேர்த்துத்தான் அந்த மனிதரை நினைக்கவேண்டும்.

தாத்தாவின் வயல் கடைமடை. வாய்க்காலின் கடைசி. தலைமடையில் இருப்பவர்கள் கரையில் நின்று சத்தம் போட்டால் தண்ணீர் கிடைக்கும். கடைமடைக்காரன் சத்தம் போட்டால் அது மடை வரைக்கும் கேட்காது. அம்மா சொன்னார்: "அவரு மடையைத் தொறக்கிறதுக்கு முன்னாடி நேரா நம்ம வயலுக்குத்தான் வருவாரு. விடியக்காலைல வந்து மண்ணை மிதிச்சுப் பாப்பாரு. அப்புறம்தான் திரும்பிப் போயி எவ்வளவு தொறக்கணும்னு முடிவு பண்ணுவாரு." ஒரு நாள் முழுதாகத் திறப்பார். ஒரு நாள் விரல் அளவு. மழை பெய்த அன்று திறக்கவே மாட்டார், யார் வந்து கேட்டாலும். கரையில் நின்று பார்ப்பவருக்கு அவர் மனம்போனபடி நடப்பதாகத் தோன்றும். அவர் ஒவ்வொரு நாளும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்: கடைசி வயலைப் பார்த்துவிட்டு வந்தார்.

அம்மா அதைச் சொன்னபோது எனக்கு அந்த நான்கு மாலைகளும் மறுபடி கண்முன் வந்தன. மேடத்தின் குரல் ஒவ்வொரு முறையும் மாறியது. ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் என்னைத் தாண்டி, அந்த அறையில் இல்லாத ஒருவரிடம் போய் மண்ணை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். மூச்சுமுட்டுகிறது என்றபோது அந்தத் துறைத் தலைவருக்கு மூச்சு கிடைக்கிறதா என்று பார்த்தார். என்னைக் கண்டித்தபோது, பதவி உயர்வு பேசும் அறையில் தனக்காகப் பேச ஆளில்லாத மேலாளரைப் பார்த்தார். ஆணையிட்டபோது கதவுக்கு அப்பால் தனியாக உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். என்னை அழவிட்ட அன்றுகூட, துக்கத்தில் இருக்கும் ஒரு கோச்சிடம் வந்து ஏமாறப்போகிற இரண்டு மூன்று பேர் அவர் கண்ணில் இருந்தார்கள்.

கங்காணிக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்று நான் நம்புகிறேன். கங்காணியின் வேடங்கள் எல்லாம் தோட்டத்தின் கணக்குப் புத்தகத்தை நோக்கியும் தன் பையை நோக்கியும் வளைந்தன. நல்ல மேற்பார்வையாளரின் பாத்திரங்கள், இந்த உரையாடலில் குரல் இல்லாத அந்த ஒருவரை நோக்கி வளைகின்றன. அந்த ஒருவர் மாறாமல் நடுவில் இருப்பதால்தான் மற்றதெல்லாம் மாறலாம்.

*

நெகிழ்வுக்குக் கரை வேண்டும் என்பதையும் அவரிடமே கண்டேன். இரண்டு பழக்கங்களை அவர் விட்டதே இல்லை.

ஒன்று, பாத்திரம் மாறும்போது சொல்லிவிட்டு மாறுவார். "இப்ப நான் வேற குரல்ல பேசப்போறேன்" என்ற அந்த வாக்கியம் எனக்கு அன்று கசந்தது. இப்போது அதன் அருமை தெரிகிறது. தாயாகக் கேட்டதை அதிகாரியாகப் பயன்படுத்துவது எளிது. கேட்டவருக்கு அது பிறகுதான் தெரியவரும். புடாபெஸ்டிடம் பெர்லின் அஞ்சியது இதைத்தான். எந்தக் குரலில் பேசுகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால், எதிரில் இருப்பவரும் எந்தக் காதால் கேட்பது என்று முடிவு செய்துகொள்ளலாம்.

இரண்டாவது, தன்னால் ஆகாத பாத்திரத்தை ஏற்க மாட்டார். நான் அழுத மாலையில் அவர் எனக்குச் சிகிச்சையாளராக ஆகியிருக்கலாம். அதற்கான படிப்பும் அனுபவமும் அவரிடம் உண்டு. நானும் மறுத்திருக்க மாட்டேன். "அது நான் இல்லை" என்றார். அன்று என் அறிவுக்கு அது ஒரு கதவு சாத்தப்பட்டதுபோல இருந்தது. ஆனால் அவர் அந்த இடத்தையும் எடுத்துக்கொண்டிருந்தால், பிறகு ஒரு நாள் நான் தவறு செய்யும்போது என்னைக் கண்டிக்க அவருக்குக் குரல் எழுந்திருக்காது.

நம் சூழலில் இந்த இரண்டாவது கரை இன்னும் அவசியமாகிறது. இந்திய மனநல மருத்துவரான ஜே.எஸ். நெக்கி 1973-இல் குரு-சீடர் உறவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மேற்கின் சிகிச்சை உறவு தனித்து நிற்பதையே நலம் என்று எடுத்துக்கொள்கிறது, இங்கே மக்கள் சார்ந்திருப்பதைக் குறையாகப் பார்ப்பதில்லை, ஆகவே குரு-சீடர் உறவிலிருந்து சிகிச்சை கற்றுக்கொள்ளலாம் என்பது அவர் சொன்னதன் சாரம். எனக்கு அதில் பெருமளவு உடன்பாடு உண்டு. முதல் இரண்டு வருடம் நானும் மேடத்தை குருவாகத்தான் வைத்திருந்தேன். அவர் சொன்ன சொற்களை அப்படியே எடுத்துப்போய் என்னிடம் வருபவர்களிடம் சொன்னேன். ஒரு நாள் அவர் அதைக் கண்டுபிடித்தார். "இது என் வார்த்தை. அவருக்கு முன்னால உட்கார்ந்திருந்தது நான் இல்லையே. உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்றார். சீடன் குருவைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மூன்றாமவரைப் பார்க்கக் கண் மிஞ்சாது. அவர் என் வணக்கத்தை ஏற்றுக்கொண்டார், என் கண்களை மட்டும் திருப்பிவிட்டார்.

*

இதை எழுதக் காரணம் நன்றி மட்டும் அல்ல, கவலையும்கூட. 2006-இல் பிரிட்டனில் சிஐபிடி என்ற மனிதவள அமைப்புக்காக ஹாக்கின்ஸும் ஷ்வெங்க்கும் செய்த ஆய்வில், கோச்களில் 86 சதவீதம் பேர் தங்களுக்குத் தொடர்ந்த மேற்பார்வை வேண்டும் என்றார்கள். உண்மையில் பெற்றுக்கொண்டிருந்தவர்கள் 44 சதவீதம். அதற்குப் பிறகு அங்கே நிலைமை மாறிவந்திருக்கிறது. பிரிட்டனின் முக்கிய ஆலோசகர் அமைப்பில் அங்கீகாரம் பெற்ற உளவள ஆலோசகர் மாதம் ஒன்றரை மணி நேரமாவது மேற்பார்வையில் பேசியாக வேண்டும். கோச்சிங்கில் அப்படி எல்லோருக்கும் பொதுவான கட்டாயம் இல்லை. உலகளாவிய கோச்சிங் அமைப்புகளில் ஒன்று சான்றிதழுக்குப் பத்து மணி நேர வழிகாட்டல் கேட்கிறது, ஆனால் அது திறனைப் பார்ப்பது. திறனோடு வேலை செய்யும் மனிதரைத் தொடர்ந்து பார்ப்பது வேறு.

சென்னையிலும் கோவையிலும் இன்று சில மாதப் படிப்பு முடித்துவிட்டுப் பலர் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். நல்ல மனம் உள்ளவர்கள். அவர்களிடம் கேட்டால், "அனுபவம் வந்தா சரியாயிடும்" என்கிறார்கள். என் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. நான் செய்த தவறுகளில் பெரியது, அந்த இரண்டு வார்த்தைத் தவறு, ஏழாவது வருடத்தில் நடந்தது. வேலை கைவந்துவிட்டதால்தான் அது அத்தனை இயல்பாக வாயிலிருந்து வந்தது. மேற்பார்வைக்குப் போகும் பழக்கம் இல்லாதிருந்தால் அந்தத் தவறு நடந்ததே எனக்குத் தெரிந்திருக்காது. அந்த மேலாளர் மட்டும் எங்கோ ஓரிடத்தில் ஒரு வாய்ப்பை இழந்திருப்பார், ஏன் என்று தெரியாமல். யாரும் கேட்டிராத சத்தம் அது.

பேட்ரிக் கேஸ்மென்ட் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1985-இல் எழுதிய நூலில், மேற்பார்வையாளர் நாளடைவில் நமக்குள்ளேயே உருவாகிவிட வேண்டும் என்றார். வெளியே கேட்ட குரல் உள்ளே நம் குரலாக முதிர்ந்து, நோயாளி முன்னால் இருக்கும்போதே நம்மோடு சேர்ந்து யோசிக்கவேண்டும். எனக்கு இப்போது அது கொஞ்சம் நடக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு கணம் உள்ளே ஏதோ திரும்பி, நான் இப்போது யாருக்காக இந்தக் கேள்வியைக் கேட்கிறேன் என்று பார்க்கிறது.

அப்பாவுக்குள்ளும் ஒரு சூப்பர்வைசர் இருந்திருக்கிறார். அப்பா போன பிறகுதான் அம்மா அதைச் சொன்னார். ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடம் ஆன பிறகும், நடுச்சாமத்தில் அப்பா தூக்கத்திலேயே, "இதோ வந்துட்டேன் சார், இதோ வந்துட்டேன்" என்பாராம். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஷிஃப்ட் முடிஞ்சிருச்சுங்க, படுங்க" என்பாராம். நான் அந்தச் சொல்லை முதன்முதலாக வீட்டுக்குள் கொண்டுவந்த அன்று, பேப்பரை மடித்து மடியில் வைத்தாரே, அப்போது அவர் என்ன நினைத்தார் என்று நான் கேட்டிருக்கவேண்டும்.

இந்த வருடம் முதல் ஓர் இளம் கோச் என்னிடம் மேற்பார்வைக்கு வருகிறார். முதல் நாள் திரையில் அவர் முகம் வெளிறியிருந்தது. தேர்வு எழுத வந்ததுபோல ஒரு கட்டுக் குறிப்புகளோடு உட்கார்ந்திருந்தார். எதைச் சரியாகச் செய்தார், எதைத் தவறவிட்டார் என்று தொடங்கப் போனார். நான் அவரை மெல்ல நிறுத்தி, "அதெல்லாம் அப்புறம் பாப்போம். முதல்ல உங்ககிட்ட வர்றவரைப் பத்திச் சொல்லுங்க. அவர் எப்படி இருக்கார்?" என்றேன்.

அவர் குறிப்புகளிலிருந்து தலையை நிமிர்த்தினார்.